போட்டோவும் வேண்டும், வீடியோவும் வேண்டும்! எந்தக் காமிரா வாங்கலாம்?

தாலிக்கு மூன்று முடிச்சு. மூன்றும் விழுந்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது. கெட்டிமேளம் ஓய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒரு நிமிஷம் போட்டோவாகவும் வேண்டும், வீடியோவாகவும் வேண்டும். "படம் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

மதுரையிலும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் கல்யாணப் படம் எடுப்பது நல்ல தொழில். அதில் இறங்கும் வாலிபர்களுக்குக் கையில் முதல் இருக்காது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து முதல் காமிரா வாங்குகிறவர்களும் உண்டு. காமிரா சரியாக அமைந்தால் இரண்டு சீசனில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தவறாக அமைந்தால் வட்டிதான் ஏறும்.

இப்போது கடைகளில் விற்பவை பெரும்பாலும் "மிர்ரர்லெஸ்" காமிராக்கள். அதாவது, கண்ணாடி இல்லாத காமிரா. போட்டோ, வீடியோ இரண்டையும் ஒன்றே எடுக்கும் என்கிறார்கள். எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் எப்படி எடுக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடி எங்கே போனது?

மதுரைக்குக் காமிரா புதிதல்ல. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார கேப்டன் இங்கே வந்தார். சென்னை ராஜதானி அரசாங்கத்தின் போட்டோக்காரர் அவர். திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சி அம்மன் கோயிலையும் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் காமிராவுக்கு, ஆடாமல் அசையாமல் நிற்கும் கட்டடமே தோது.

அசைவதைப் பிடிக்கத் தனிக் கருவி வந்தது. போன தலைமுறையில் கல்யாண வீடுகளில் போட்டோக்காரர் வேறு, வீடியோக்காரர் வேறு. வீடியோக்காரருக்குப் பின்னால் சுடச்சுட லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ஓடுவான். மணப்பெண்ணுக்கு வேர்த்து, பொட்டு கரையும்.

2008-ல் இந்த இரண்டும் ஒன்றாயின. அந்த ஆண்டில் நிக்கான் கம்பெனியின் டி-90, கானன் கம்பெனியின் 5-டி மார்க் 2 ஆகிய போட்டோக் காமிராக்கள் வீடியோவும் எடுத்தன. தமிழ் சினிமாவும் இதைப் பிடித்துக்கொண்டது. மதுரையில் நடக்கும் "காதல்" கதையை 2004-ல் கொடுத்த டைரக்டர் பாலாஜி சக்திவேல், 2012-ல் வெளிவந்த "வழக்கு எண் 18/9" படத்தைப் போட்டோக் காமிராவைக் கொண்டே எடுத்தார்.

ஆனால் அந்தக் காமிராக்களில் ஒரு தொல்லை. உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலுக்கு அனுப்பும். வீடியோ எடுக்க வேண்டுமானால் கண்ணாடி மேலே மடங்கி நிற்க வேண்டும். உடனே ஜன்னல் இருண்டுவிடும்!

அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டால்? 2008-ல் பானசோனிக் கம்பெனி "ஜி-1" என்ற காமிராவில் அதைச் செய்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் காமிராவில் வீடியோ கிடையாது. மறு ஆண்டு வந்த "ஜி.எச்-1"-ல்தான் அது சேர்ந்தது. 2013-ல் சோனியின் ஏ-7 வந்தது. 2018-ல் நிக்கானும் கானனும் பெரிய சென்சார் வைத்த கண்ணாடி இல்லாத காமிராக்களைக் கொண்டுவந்தன. சென்சார் என்பது பழைய பிலிமின் இடத்தில் இருக்கும் சில்லு. வெளிச்சம் அதன் மேல்தான் விழுந்து படமாகிறது.

மெகா பிக்சலைக் கண்டு மயங்காதீர்கள்

"இது 33 மெகா பிக்சல், அது 24-தான்" என்று கடையில் சொல்வார்கள். கேட்டு மயங்க வேண்டியதில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் நிறையப் போட 12 மெகா பிக்சலே தாங்கும். போட்டோ விஷயத்தில் இன்று நல்ல கம்பெனிக் காமிரா எதுவும் சோடை போகாது.

குணம் தெரிவது வீடியோவில்! மாடு நல்ல மாடா என்று தொழுவத்தில் தெரியாது. ஏரில் பூட்டினால் தெரியும் அல்லவா? காமிராவுக்கு வீடியோதான் ஏர். எனவே, இரண்டு வேலைக்கும் காமிரா வாங்குபவர் வீடியோவை வைத்தே எடை போட வேண்டும்.

23 டிகிரி எங்கே, மதுரை எங்கே?

முதல் சோதனை சூடு. வீடியோ ஓடும்போது சென்சார் ஒரு விநாடிகூட ஓய்வதில்லை. உள்ளே சூடு ஏறும். ஓர் அளவுக்கு மேல் போனால் காமிரா தானே நின்றுவிடும்.

2020-ல் கானன் ஆர்-5 என்ற விலை உயர்ந்த காமிரா வந்தது. மிக நுட்பமான 8-கே வீடியோவைத் தொடர்ந்து 20 நிமிஷம் எடுக்கலாம் என்று கம்பெனியே அறிவித்தது. எந்தச் சூட்டில்? 23 டிகிரியில்! மதுரையில் சித்திரை வெயில் 38 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பந்தல் தகரத்தின் கீழே கேட்கவே வேண்டாம்.

பானசோனிக் கம்பெனி 2023-ல் விட்ட எஸ்-5 மார்க் 2 காமிராவில் உள்ளேயே ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள். சிரிப்பாக இருக்கலாம். நம் ஊருக்கு அந்த விசிறி பெரிய உபகாரம்.

சில காமிராக்கள் சூடு ஏறாவிட்டாலும், அரை மணி ஆனதும் பதிவை நிறுத்திவிடும். 2018-ல் வந்த சோனி ஏ-7 மார்க் 3 அந்த ரகம். மற்றபடி நல்ல காமிராதான். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை பொத்தானை மறுபடி அழுத்த ஞாபகம் இருக்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் ஒரு கல்யாணம் முடிய அடுத்த கல்யாணம் காத்திருக்கும். அந்த நெரிசலில் யாருக்கு ஞாபகம் வரும்?

மண்டபத்தில் ஓடும் கறுப்புக் கோடு

கல்யாண வீடியோவில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காமிரா கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். காமிராவில் கோளாறு இல்லை. கரண்டின் கணக்கு அது.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மேடையில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. காமிராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் 60 சுற்று. அந்த நாட்டு முறையில் காமிராவை வைத்து எடுத்தால் இங்கே கோடு விழும்.

மருந்து சுலபம். காமிராவின் உள் அமைப்பில் "பால்" முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடியோவை விநாடிக்கு 25 படம் என்றும், ஷட்டரை 50-ல் ஒரு பங்கு விநாடி என்றும் வைக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. இதைச் செய்தும் சில மலிவு எல்.இ.டி. சரங்களும் பெரிய எல்.இ.டி. திரைகளும் மக்கர் செய்யும். அதற்காக ஷட்டரை மிக நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி சில காமிராக்களில் உண்டு. வாங்கும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

அழகர் கட்டிய பட்டு என்ன நிறம்?

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவது விடியும் நேரம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் லட்சக்கணக்கான கண்கள் பார்க்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று சந்தோஷப்படுவார்கள். வீடியோவில் அந்தப் பச்சை நீலமாக விழுந்தால் ஊரே சண்டைக்கு வரும்!

ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் மின் விளக்கு, ஒரு பக்கம் விடியல் வெளிச்சம். இந்தக் கலப்படத்தில் நிறம் பிசகுவது சகஜம். பிறகு கம்ப்யூட்டரில் திருத்தலாம். அப்போதுதான் "8 பிட்", "10 பிட்" என்ற பேச்சு வருகிறது. 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள். 10 பிட்டில் 1,024 படிகள். படிகள் நெருக்கமாக இருந்தால், திருத்தும்போது நிறம் திட்டுத்திட்டாகப் பிரியாது. அரக்குக் கூறைப் புடவைக்கும், மணப்பெண்ணின் முகத்துக்கும் இது முக்கியம். சோனி ஏ-7 மார்க் 3-ல் 8 பிட்தான். அதற்கு அடுத்து 2021-ல் வந்த மார்க் 4-லும், பானசோனிக் எஸ்-5 மார்க் 2-லும் 10 பிட் உண்டு.

மங்கிய வெளிச்சத்தில் காமிராவைவிட லென்ஸ்தான் பேசும். காமிராவோடு கொடுக்கும் சாதாரண லென்ஸை இழுத்துத் தூரக் காட்சியை எடுத்தால் அதன் வாய் 5.6 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். 1.8 அளவுள்ள லென்ஸ் அதைப்போலச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1.8 அளவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் சில கம்பெனிகளில் சகாயமாகக் கிடைக்கிறது. பணம் முழுவதையும் காமிராவில் கொட்டிவிட்டு, சாதாரண லென்ஸோடு திருவிழாவுக்குப் போவது, பட்டுச் சட்டை வாங்கிவிட்டு வேட்டிக்குக் காசில்லாமல் நிற்பது போல!

காளை சாய்ந்து ஓடுமா?

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாய்ந்து வருகிறது. அதைப் போட்டோ எடுக்க ஷட்டர் 1,000-ல் ஒரு பங்கு விநாடி வேண்டும். வீடியோவுக்கோ 50-ல் ஒரு பங்கு போதும். அப்போதுதான் ஓட்டம் இயல்பாகத் தெரியும்.

"வீடியோவை எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்துப் போட்டோ ஆக்கிக்கொள்ளலாமே?" என்று கேட்பார்கள். 4-கே வீடியோவில் ஒரு படம் சுமார் 8 மெகா பிக்சல். அளவு போதும். ஆனால் 50-ல் ஒரு பங்கு விநாடியில் காளையின் கொம்பும் கலங்கும், வீரரின் கையும் கலங்கும். தாலி முடிச்சு போடும் விரலும் அப்படித்தான்.

ஆகவே இரண்டு வேலையும் செய்யும் காமிரா, இரண்டையும் ஒரே விநாடியில் செய்யாது. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு காமிராவும் இரண்டு ஆளும் வேண்டும். ஒரே ஆள் என்றால், வீடியோவுக்கு ஒன்றை முக்காலியில் நிறுத்திவிட்டு, போட்டோவுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டார் பேசி முடிக்கும்போதே "எத்தனை காமிரா?" என்று கேட்டுவிட வேண்டும்.

வாடிவாசலில் இன்னும் இரண்டு விஷயம். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், மெதுவான காமிராவில் வேகமாக ஓடும் காளையின் உடம்பு சாய்ந்து தெரியும். உச்சி வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் அவசியம். சோனி இசட்.வி. இ-10 போன்ற சின்னக் காமிராக்களில் அந்த ஜன்னலே கிடையாது. வீட்டுக் குழந்தைகளைப் படம் எடுக்க அது அருமை. ஜல்லிக்கட்டுக்கு ஆகாது.

அங்கே லென்ஸை மாற்றுவதும் கூடாது. கண்ணாடி இல்லாததால் சென்சார் வாசலிலேயே இருக்கிறது. ஒரு பிடி புழுதி போதும்.

ஒரு கார்டா, இரண்டு கார்டா?

கல்யாணத் தொழிலுக்கு என்றால் இதில் பேச்சே இல்லை. கார்டு போட இரண்டு இடம் உள்ள காமிராதான் வேண்டும். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதியும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். புஜி எக்ஸ். எஸ்-20 நல்ல காமிரா. கை நடுக்கத்தைச் சமாளிக்கும், 10 பிட்டும் உண்டு. ஆனால் அதில் ஒரு கார்டுதான். வீட்டு உபயோகத்துக்கு வாங்கலாம். ஊரார் கல்யாணத்தை அதை நம்பி ஏற்பது துணிச்சல்.

கார்டின் அளவையும் கணக்குப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4-கே வீடியோ எடுத்தால் ஒரு மணிக்கு 45 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

பாட்டரியும் அப்படித்தான். கண்ணாடி இருந்த காமிராவில் ஒரு பாட்டரி நாள் முழுவதும் தாங்கியது. இதில் திரை எரிந்துகொண்டே இருப்பதால் சீக்கிரம் இறங்கும். சார்ஜ் செய்த மூன்று பாட்டரி பையில் இல்லாமல் மண்டபத்துக்குப் போகக் கூடாது.

மைக் மாட்டும் துளையோடு, காதில் கேட்டுப் பார்க்கும் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். தவில் அடிக்கும் அடியில் சத்தம் உடைந்து பதிந்தால், அப்போதே தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து தெரிந்து என்ன பயன்?

வாங்கும் முன்னே

புதுக் காமிராவுக்குப் பணம் போதாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோனி ஏ-7 மார்க் 3 ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 2 லட்சம் தடவை. லென்ஸைக் கழற்றி, சென்சாரில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புதிது வாங்கினால் நம் நாட்டுக் கம்பெனி உத்தரவாதத்தோடு, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குவது நல்லது. வெளிநாட்டிலிருந்து பில் இல்லாமல் வரும் காமிரா சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். பழுது வந்தால் அலைச்சல்தான்.

இன்னும் ஒரு வழி உண்டு. காமிராவை நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்க நினைக்கும் அதே காமிராவை ஒரு நாள் எடுத்து வரலாம். வெயில் ஏறிய பிறகு மொட்டை மாடி நிழலில் முக்காலியில் வைத்து, 4-கே வீடியோவை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். நின்றால் எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வீட்டு டியூப் லைட்டின் கீழே ஐந்து நிமிஷம் எடுத்துப் பார்க்க வேண்டும். அடகுக் கடைக்கு மறுநாள் போகலாம்.