தண்ணீரைப் பார்த்து வீடு கட்டுங்கள்

திருவண்ணாமலையைச் சுற்றி ஒரு துண்டு நிலம் வாங்கி, மின்வாரியக் கம்பியையும் குழாய்த் தண்ணீரையும் நம்பாமல், மண்ணாலும் கல்லாலும் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இன்று பலரிடம் இருக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு பெரும்பாலும் சோலாரில்தான் ஆரம்பிக்கும். எத்தனை கிலோவாட் போதும், எந்த பேட்டரி நல்லது, எவ்வளவு செலவாகும்? இவையெல்லாம் கடைசியில் கேட்க வேண்டியவை. இந்த ஊரில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை பெய்தால் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான்.

இதற்கு மலையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அந்த மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவார்கள். இதைப் பார்த்த கந்தசாமி என்ற அடியார், குருவுக்கு நல்ல இடம் ஒன்று தேடி மலையில் அலைந்தார். குகைக்கு மேலே, ஊற்று உள்ள ஒரு சரிவு கிடைத்தது. கள்ளியும் கல்லுமாகக் கிடந்த அந்த இடத்தைத் தன் கையாலேயே திருத்திச் சமன்படுத்தினார். அதுதான் அவர் பெயரிலேயே இன்றும் விளங்கும் ஸ்கந்தாசிரமம். 1916 முதல் 1922 வரை ரமணர் தன் தாயோடும் அடியார்களோடும் அங்கே வாழ்ந்தார். சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது. ஊற்று இருந்தது, நிழலுக்கு மரங்கள் வளர்ந்தன. ஊற்றைத் தேடிய பிறகுதான் கந்தசாமி சுவரைப் பற்றி யோசித்தார். நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த வரிசையை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் இதே மலை காட்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். போக்கிடம் இல்லாமல் சரிவில் குடியேறிய ஏழைக் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்கள், மலை நன்றாகத் தெரிகிறது என்பதற்காக அடிவாரத்தை ஒட்டியோ ஓடைக்கரையிலோ மனை வாங்குவதை ஏற்க முடியாது. 'இயற்கை வீடு' என்று பெயர் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயை மறிக்கிற சுவர், மண்ணால் கட்டியதாக இருந்தாலும் தவறுதான். மின்கம்பியின் தயவு இல்லாமல் வாழ்ந்துவிடலாம். பக்கத்து ஊர் ஏரியோடு உள்ள தொடர்பை அப்படி அறுத்துக்கொள்ள முடியாது.

மனை பார்க்கப் போகும்போது விற்பவரின் வார்த்தையோடு நிற்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி, ஓடைப் புறம்போக்கும் வாய்க்காலும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். வனத்துறை எல்லை எங்கே முடிகிறது என்று கேளுங்கள். அந்த ஊரில் வயதான விவசாயி ஒருவரிடம், பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கும் என்று விசாரியுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். வெயில் காலத்தில் எந்த நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும்.

திருவண்ணாமலைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் ஆண்டுக்கு 70,000 லிட்டருக்கு மேல் வரும். நான்கு பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று எடுத்தால் ஆண்டுக்கு 14,600 லிட்டர் போதும். ஆக, 15,000 லிட்டர் கொள்ளும் ஒரு தரையடித் தொட்டி கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, மீதியை மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியாக இறக்கினால் வருஷம் முழுக்கக் குடிநீருக்குக் கவலை இல்லை. தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கு விட்டுவிடலாம். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு 2003-லேயே சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தைக் கூரையில் ஒரு குழாய் மாட்டி ஒப்பேற்றாமல் முழு மனதோடு செய்யும் இடமாக இப்படிப்பட்ட வீடுகள் இருக்க வேண்டும்.

இனி சுவர். இந்த ஊரில் மண் கட்டுமானம் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர் பிஜு பாஸ்கர். கேரளத்திலிருந்து வந்த இந்தக் கட்டடக் கலைஞர், 2011-இல் திருவண்ணாமலையில் 'தணல்' என்ற இயற்கைக் கட்டுமான அமைப்பைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளில் மண்வீடு கட்டும் முதியவர்களைத் தேடிப் போய், அவர்களிடம் கேட்டுக் கற்றதை இங்கே பயிற்சி முகாம்களாக நடத்தினார். மண்ணைக் காலால் மிதித்துப் பிசைந்து, அச்சு எதுவும் இல்லாமல் கையாலேயே சுவர் எழுப்பும் முறையை எத்தனையோ இளைஞர்கள் இப்படிக் கற்றிருக்கிறார்கள். அவருடைய பணியில் நான் மிகவும் மதிப்பது, அறிவு கிராமத்து மூத்தவர்களிடம்தான் இருக்கிறது என்று அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதைத்தான்.

ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே கிராமத்து வீடு கட்டப்பட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் மறைந்த லாரி பேக்கர். செங்கலைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி நடுவே காற்று இடைவெளி விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் ஊர் ஊராகப் பரப்பினார். அதில் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது, வெப்பமும் தடுக்கப்படுகிறது. நமக்கு இன்னும் அருகில், ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம் இருக்கிறது. செம்மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்யும் முறையை அது உலகம் முழுதும் கொண்டு சென்றது. மண்ணைக் கையால் பிசையப் பொழுதில்லாதவர்களுக்கு அந்த அழுத்திய மண்கல் நல்ல நடுவழி.

திருவண்ணாமலையில் ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கும்? கருங்கல், செம்மண், ஏரி வண்டல், வைக்கோல், சாணம். சற்றுத் தள்ளி ஜவ்வாது மலையில் கடுக்காய். வேறென்ன வேண்டும்? அஸ்திவாரமும் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அடிச்சுவரும் கருங்கல்லில் இருக்கட்டும். கரையானும் ஈரமும் கீழிருந்துதான் ஏறும், மண்சுவர் கெடுவதும் அங்கேதான். அதற்கு மேல் மண். எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி கால் பங்குக்கு மேல் இருந்தால் சுவர் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். மிகவும் குறைந்தால் உதிரும், ஏரிக் களிமண் சேர்க்க வேண்டும். அதையும் அனுமதி வாங்கித்தான் ஏரியிலிருந்து எடுக்க வேண்டும். கலந்த மண்ணில் நறுக்கிய வைக்கோல் போட்டுத் தண்ணீர் விட்டுச் சில நாள் புளிக்க விட்டு, பிறகு மிதிக்க வேண்டும். ஒரே நாளில் சுவரை உயர்த்த ஆசைப்படாதீர்கள். ஒன்றரை அடி ஏற்றினால் அது காய்ந்து இறுகிய பிறகே அடுத்தது.

மழை அடிக்கும் பக்கத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டும். நீற்றிய சுண்ணாம்பில், இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைத்துப் பூசுவது நம் கோயில்களிலும் பழைய வீடுகளிலும் பார்க்கக்கூடிய வழக்கம். சிமென்ட் பூச்சை மண்சுவர்மேல் போடவே கூடாது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் அகத்தே நைந்துபோகும். கூரை இறவாரம் இரண்டரை, மூன்று அடி வெளியே நீளட்டும். திண்ணை இருந்தால் இன்னும் நல்லது, சுவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. கூரைக்குப் பழைய வீடு இடிக்கும் இடங்களில் விற்கும் பனைமரச் சட்டங்களையும் நாட்டு ஓடுகளையும் தேடிப் பிடியுங்கள். உயிருள்ள பனையை வெட்டி இயற்கை வீடு கட்டுவதில் நியாயம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இரவு பதினொரு மணிக்குப் படுத்தவர்களுக்குப் பதில் தெரியும். பகலில் வாங்கிய சூட்டை அந்தத் தளம் இரவு முழுக்க இறக்குகிறது. தடித்த மண்சுவரில் சூடு மெல்லத்தான் ஏறும், உள்ளே வருவதற்குள் மாலைக் காற்று வந்துவிடும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு இப்போது வரலாம். வீடு குளிர்ச்சியாக இருந்தால் தேவை தானாகக் குறையும். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மூன்று, எல்.இ.டி. விளக்குகள், ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு கிலோவாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். இரண்டு நாள் மூட்டம் போட்டாலும் தாங்க வேண்டுமானால் ஐந்து யூனிட் சேமிக்கும் பேட்டரி வேண்டும், செலவில் பெரும்பங்கு அதற்கே போகும். தண்ணீர் மோட்டாரையும் மிக்சியையும் நடுப்பகலில் ஓட்டிப் பழகினால் பேட்டரி நெடுநாள் உழைக்கும்.

இதைப் பணம் மிச்சம் பிடிக்கும் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, அதுவும் மின்வாரியத்தோடு இணைந்த தகடுகளுக்குத்தான். கம்பி ஏற்கெனவே வாசலுக்கு வந்திருக்கும் இடத்தில் இணைப்பு வைத்துக்கொண்டே சோலார் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பேட்டரி செய்யவும் பூமியைத் தோண்டத்தான் வேண்டும்.

கழிவறையைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல், சாம்பல் தூவி, மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உரமாக்கும் உலர் கழிப்பறை நம் தமிழ்நாட்டிலேயே வென்று காட்டிய முறை. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன் இதைப் பரப்பினார். பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்த பொதுக்கழிப்பறை அந்த ஊரில்தான் வந்தது. 2021-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கிணறும் செப்டிக் டேங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிறிய மனைகளில் நிலத்தடி நீரைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கல்வாழையும் வாழையும் நட்ட குழிக்கு விட்டால் போதும்.

என்னை வருத்துவது வேறொன்று. குடிசையில்லாத தமிழ்நாட்டை 2030-க்குள் உருவாக்க 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுகிறது அரசு. ஒழுகும் கீற்றுக் கூரையிலிருந்து ஒரு குடும்பம் வெளியேறுவது மிகப் பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வசதியோடு வருகிறவர் லட்சங்கள் செலவழித்து மண்வீடு கட்டும்போது, அதைக் கட்டித் தரத் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு மண்சுவர் அவமானமாகவே இருக்கிறது. வங்கிகள் மண்வீட்டுக்கு எளிதில் கடன் தருவதில்லை. இத்தனைக்கும் மண்கற்களுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிர்ணயமும், நிலநடுக்கம் தாங்கும் மண் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டியும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. கனவு இல்லத் திட்டத்தில் கல் அடித்தளம், மண்கல் சுவர், ஓட்டுக்கூரை என்ற ஒரு தேர்வையும் சேர்த்தால், விரும்புகிற ஏழைக்கும் குளிர்ந்த வீடு கிடைக்கும், கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்வீடு கட்டப் போகிறீர்கள் என்றால், செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் மண்சுவர் வைத்த பெரியவர்களையும், தரை மெழுகிச் சுவர் பூசிய அம்மாக்களையும் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், பல ஆண்டுகளாக அவர்களை யாரும் அந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சித்தாள் கூலிக்கு அல்ல, தலைமைக் கொத்தனாருக்குரிய கூலிக்கு அவர்களை அழையுங்கள். கூடவே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கற்றுக்கொள்ள நிறுத்துங்கள். நீங்களும் மண் மிதியுங்கள். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் சுவரைத் தொட்டுப் பூசுவதை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். இந்த வேலையை அடுத்த பத்தாண்டுக்குள் செய்தால்தான் உண்டு.