பாராசிட்டமால் பவுடர் சுத்தமானதா? 170 டிகிரியில் தெரிந்துவிடும்!

வெள்ளை வெளேரென்று ஒரு பொடி. மாவா, உப்பா, காய்ச்சல் மாத்திரைக்கான பாராசிட்டமாலா? பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் நாக்கில் வைத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. அதனால் உருக்கிப் பார்க்கிறார்கள்.

அதிகம் செலவில்லாத சோதனை இது. ஊசி போன்ற கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைத் தீயில் காட்டி அடைத்து, மறுமுனை வழியாகத் துளியூண்டு பொடியைப் போட்டுத் தட்டுவார்கள். குழாயைத் தெர்மாமீட்டரின் குமிழோடு ஒட்டி, லிக்விட் பாரஃபினில் இறக்கிச் சூடேற்றுவார்கள். முதல் துளி தெரியும்போது ஓர் அளவு. கடைசித் துணுக்கும் உருகித் தெளிந்ததும் இன்னோர் அளவு.

சுத்தமான பாராசிட்டமால் 168 முதல் 172 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிட வேண்டும். வேறு ஏதாவது கலந்திருந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே இளக ஆரம்பித்து, பல டிகிரிக்கு இழுத்துக்கொண்டே போகும். குல்ஃபி செய்பவர்கள் ஐஸில் உப்பைக் கொட்டுவதும் இதே கணக்குதான். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே உருகும். அந்தக் குளிரில்தான் பால் உறைகிறது.

ஆய்வகத்தில் அவசரம் ஆகாது. உருகும் கட்டம் நெருங்கியதும் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரிதான் ஏறலாம். அடுப்பைத் தூக்கி வைத்தால் எண்ணெய் முந்திக்கொள்ளும், பொடி பின்தங்கும். தெர்மாமீட்டர் கூடுதலாகக் காட்டும்.

சரி, இரண்டு பொருள்கள் ஒரே சூட்டில் உருகினால்? யூரியாவும் சின்னமிக் அமிலமும் அப்படித்தான், இரண்டுமே சுமார் 133 டிகிரி. இங்கேதான் ஓர் அழகான தந்திரம். கையிலிருக்கும் பொடியோடு, யூரியா என்று உறுதியாகத் தெரிந்த பொடியைக் கலந்து அரைத்து மறுபடி உருக்குவார்கள். அதே 133 வந்தால் அது யூரியா. உருகும் சூடு நன்றாகக் கீழே இறங்கினால், ஆள் வேறு!

வீட்டில் மாத்திரையைப் பொடித்து முயன்று பார்க்க வேண்டாம். மாத்திரையில் மருந்தோடு ஸ்டார்ச் போன்றவையும் இருப்பதால் கணக்கு குழம்பிவிடும். ஆய்வகங்கள் சோதிப்பது மாத்திரையாகும் முன் உள்ள மூலப்பொடியை.

ஆஸ்பிரின் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். உருகும்போதே சிதையவும் தொடங்குவதால், சூடேற்றும் வேகத்தைப் பொறுத்து அளவே மாறும். அதனால் உருகுநிலையை மட்டும் நம்பாமல் வேறு சோதனைகளையும் சேர்த்தே செய்கிறார்கள்.