ஒளிப்புள்ளிகளால் எண்ணும் கணினி

கணினி கணக்குப் போடுவதை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா, குழந்தைகளே? விடை திரையில் வந்துவிடும். உள்ளே நடக்கும் கணக்கு மட்டும் தெரியாது. அதையும் பார்க்க ஓர் இடம் இருக்கிறது: இங்கிலாந்தில், பிளெச்லி பார்க் வளாகத்தில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகம்.

அங்கே இரண்டரை டன் எடையோடு நிற்கிறது 'ஹார்வெல் டெக்கட்ரான்' கணினி. ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951-ல் ஓடத் தொடங்கியது. இதன் நினைவகம் 'டெக்கட்ரான்' என்ற கண்ணாடிக் குழல்களால் ஆனது. ஒவ்வொரு குழலுக்குள்ளும் வாயு நிரப்பி, 0 முதல் 9 வரை பத்து இடங்களை வட்டமாக அமைத்திருக்கிறார்கள். மின்துடிப்பு வரும்போதெல்லாம் ஒளிப்புள்ளி ஓர் இடம் நகரும்.

7 + 5 எவ்வளவு? புள்ளி 7-ல் இருக்கிறது. ஐந்து துடிப்புகள் வருகின்றன. புள்ளி 8, 9, 0, 1, 2 என்று நகர்கிறது. 9-ஐத் தாண்டி 0-க்கு வந்ததும், பக்கத்துக் குழலுக்கு ஒரு துடிப்பு போய்விடும். அங்கே 1, இங்கே 2. பன்னிரண்டு! வகுப்பில் 'மீதி ஒன்று' என்று மனதில் வைத்துக்கொள்கிறோமே, அதையேதான் இந்தக் குழல்களும் செய்கின்றன.

ஒரு பெருக்கலுக்கு இதற்கு ஐந்து முதல் பத்து விநாடி ஆகும். ஒருமுறை, மேசைக் கணக்குப் பொறியோடு ஒரு கணிதர் இதனுடன் போட்டி போட்டார். அரை மணி நேரம் ஈடுகொடுத்தார். பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டார். கணினியோ ஓடிக்கொண்டே இருந்தது. களைப்பில்லாமல், தவறில்லாமல் ஓடுவதற்காகத்தான் இதைச் செய்தார்கள்.

1957-ல் இது வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்குப் போய், 1973 வரை மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது. பிறகு பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருந்தது. கடைசியில் பகுதி பகுதியாகக் கிடங்கில் கிடந்தது. ஒரு புகைப்படத்தில் இதன் கட்டுப்பாட்டுப் பலகையை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால்தான் வெளியே வந்தது!

2009-ல் தன்னார்வலர்கள் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடாமல், முடிந்தவரை பழைய பாகங்களையே துடைத்துச் சரிசெய்து பொருத்தினார்கள். 2012 நவம்பரில் புள்ளிகள் மறுபடி நகர்ந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தால், குழல்களைப் பார்த்திருப்போம். கணக்கைப் பார்த்திருக்க மாட்டோம். பழைய கணினிகளை ஓடவைத்துக் காட்டும் அருங்காட்சியகங்களே எனக்குப் பிடித்தவை.

நீங்களும் ஒரு தாளில் பத்துக் கட்டங்களை வட்டமாக வரையுங்கள். பக்கத்தில் இன்னொரு வட்டம். வட்டத்துக்கொரு புளியங்கொட்டை வைத்து, 8 + 6 கூட்டிப் பாருங்கள்.