256 ஜிபி போதுமா?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்று மாணவர் கைக்கு வந்த கணினியில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. பதினான்கு ஆண்டு கழித்து, 2025இல், கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்க தமிழக அரசு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது கேட்டது 256 ஜிபி எஸ்எஸ்டி. இடைப்பட்ட காலத்தில் விண்டோஸ் பெருத்தது, ஃபோனில் எடுக்கும் படமும் வீடியோவும் பெருத்தன. அரசு கொடுக்கும் இடம் மட்டும் 64 ஜிபி சுருங்கியிருக்கிறது.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சொந்தக் காசில் லேப்டாப் வாங்கும் குடும்பம் போட வேண்டிய கணக்கைத்தான் எல்காட்டும் போட்டிருக்கிறது. வேகம், இடம், விலை மூன்றும் ஒன்றாக அமையாது. ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்காட் இடத்தை விட்டுக்கொடுத்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது அது சரியான முடிவு. ஆனால் எஸ்எஸ்டி என்று முடிவான பிறகு, எந்த எஸ்எஸ்டி என்று தேர்ந்தெடுக்கும்போது, கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. கடையில் பலரும் தவறுவது இங்கேதான்.

முதலில் ஹார்ட் டிஸ்க் ஏன் அவ்வளவு மெதுவானது என்று பார்ப்போம். லேப்டாப்புக்குள் இருக்கும் வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு கோப்பைப் படிக்க, அதன் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு தடவையும் 15 மில்லி நொடிக்குக் குறையாது. ஆக, நொடிக்கு அறுபது எழுபது தடவைக்கு மேல் எட்டித் தேட முடியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கிறது. ‘கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது’ என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுவரப்படும் பழைய மெஷின்களில் பெரும்பாலும் நடப்பது இந்தத் தேடல்தான். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஃப்ளாஷ் சில்லு, கேட்டதை ஒரு மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கொடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க் ஓடும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் விலை குறைந்த எஸ்எஸ்டி போட்டாலும் பழைய மெஷின் புதிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, கடைக்காரர் மேசைமேல் வைக்கும் டப்பாக்கள். சாட்டா எஸ்எஸ்டியில் நொடிக்கு 550 எம்பி என்றிருக்கும். அதைவிட வேகமான இணைப்பு வகையான என்விஎம்இயில், மூன்றாம் தலைமுறை என்றால் 3,500. நான்காம் தலைமுறையில் 7,000. ஐந்தாம் தலைமுறையில் 14,000ஐத் தொடும். எண்களைப் பார்த்தால் சாட்டாவை யாரும் கையால் தொடமாட்டார்கள். ஆனால் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டும் எட்டப்படும் உச்சம் அது. டேலி திறப்பது, பிரவுசரில் இருபது பக்கம் விரிப்பது, ஏபிகே கம்பைல் செய்வது போன்ற வேலைகள் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்பவை. அந்த அளவுகோலில் நல்ல சாட்டா டிரைவைவிட நல்ல என்விஎம்இ ஒன்றரை அல்லது இரண்டு மடங்குதான் முன்னால் நிற்கும். மெஷின் ஆன் ஆகும் நேரத்தில் சில நொடிகள் குறையும். 7,000 எண்ணுக்கும் 14,000 எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேகம் வேண்டும் என்று கேட்க உண்மையிலேயே உரிமை உள்ளவர்கள் இவர்கள் என்று தோன்றும். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து ஆறு மணி நேரம், இரண்டு கேமரா என்றால் 540 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம்! இதைக் கேமரா கார்டிலிருந்து கணினிக்கு இறக்கும்போது, சாதாரண எஸ்டி கார்டு நொடிக்குக் கொடுப்பது ஏறத்தாழ 90 எம்பி. ஆக ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். உள்ளே இருப்பது 550 டிரைவா 7,000 டிரைவா என்பதைப் பற்றிக் கார்டுக்குக் கவலை கிடையாது. எடிட்டிங்கின்போதும் அந்த வீடியோவின் ஒவ்வொரு ஓட்டமும் நொடிக்குக் கேட்பது 12.5 எம்பிதான். நான்கு கேமராவை ஒரே திரையில் ஓடவிட்டாலும் சாட்டாவே தாங்கும். அந்த ஸ்டுடியோவுக்கு உண்மையில் வேண்டியது 2 டிபி இடம். முடித்துக் கொடுத்த ஆல்பங்களைத் தூக்கி வைக்க ஹார்ட் டிஸ்க் இன்றும் போதும்; ஒரு டிபிக்கு ஆகும் செலவில் அதை அடிக்க எஸ்எஸ்டியால் இன்னும் முடியவில்லை.

எனவே பணம் இறுக்கமாக இருந்தால் டப்பாவில் எழுதிய வேகத்தில் விட்டுக்கொடுங்கள். இடத்தில் வேண்டாம் என்பதே என் கட்சி. வெறுமனே கோப்பு வைக்கப் போதாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இடம் குறைந்த எஸ்எஸ்டி வேகமும் குறைந்ததாகிவிடுகிறது. அதற்குக் காரணம் சில்லுக்குள்ளே இருக்கிறது.

ஃப்ளாஷ் சில்லில் கோடிக்கணக்கான அறைகள். ஓர் அறையில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு அறைக்குள் எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்குப் பதினாறு. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகிறது, அறையும் சீக்கிரம் தேய்கிறது. அதே சில்லில் கூடுதல் இடம் கிடைப்பதால் விலை குறைகிறது. இந்த மந்தத்தை மறைக்க, காலியாக உள்ள இடத்தின் ஒரு பகுதியில் அறைக்கு ஒரே பிட் வீதம் தற்காலிகமாக வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு ஓய்வு நேரத்தில் அதை அடுக்கி வைக்கும் உத்தியை எல்லா நிறுவனங்களும் கையாள்கின்றன. டப்பாவில் எழுதியிருப்பது இந்தத் தற்காலிக வேகம். அந்த இடம் நிரம்பியதும் திரை விலகிவிடும். மலிவான க்யூஎல்சி டிரைவ்களில் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே, பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்குவதைக் காணலாம். டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அது இறங்கும்.

256 ஜிபிக்காரருக்கு இதுதான் சிக்கல். விண்டோஸ் அதை 238 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. அதில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஆஃபீஸும் சேர்ந்து எழுபது எண்பது ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். பூந்தமல்லி, ஆவடி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஒரு விர்ச்சுவல் மெஷின், ஒரு கேட் (CAD) வரைபட மென்பொருள் ஏற்றினால் இரண்டாம் ஆண்டுக்குள் சிவப்புக் கோடு வந்துவிடும். இலவச மடிக்கணினியானால் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். பாட வேலைக்கு அது போதும், வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எப்போதும் முப்பது நாற்பது ஜிபி காலியாக விட்டால் சரி. சொந்தக் காசு போட்டு வாங்குபவர் 512க்குக் கீழே போகக் கூடாது.

தேய்மானத்தைப் பற்றி நம்மூரில் தேவைக்கு அதிகமாகவே பயப்படுகிறோம். சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபி டிரைவ் 150 டிபி எழுதும்வரை தாங்கும் என்று நிறுவனமே உத்தரவாதம் தருகிறது. தினமும் 20 ஜிபி எழுதினால், அதுவே சாதாரண வீட்டுக்கு அதிகம், அந்த அளவை எட்ட இருபது ஆண்டு ஆகும். அதற்குமுன் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

டிஎல்சியா க்யூஎல்சியா என்று டப்பாவில் பார்த்து வாங்கலாமே என்றால், பல மலிவு மாடல்களில் அதைப் போடுவதே இல்லை. போட்டிருந்தாலும் அதே பெயரில் உள்ளே இருக்கும் சில்லு பின்னர் மாறலாம். 2021இல் க்ரூஷியல் பி2, டபிள்யூடி ப்ளூ எஸ்என்550 இரண்டிலும் அப்படி நடந்து, சோதித்துப் பார்த்தவர்கள் அம்பலப்படுத்தினார்கள். கடைக்காரருக்கே தெரியாமல் நடக்கும் விஷயம் இது. ஓரளவு நம்பக்கூடிய அடையாளம் உத்தரவாதம்: மூன்றாண்டா ஐந்தாண்டா, எத்தனை டிபி வரை என்று பாருங்கள். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஐந்தாண்டுக்காரரை எடுங்கள்.

பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் வரை ரயிலேறிப் போய் வாங்கி வந்து வீட்டில் பொருந்தாமல் விழிப்பவர்கள் உண்டு. 2011 காலத்து மடிக்கணினிகளில் 2.5 அங்குல சாட்டா மட்டும்தான். பின்னால் வந்தவற்றில் பட்டை போன்ற எம்.2 டிரைவுக்கு இடம் இருக்கும். ஆனால் பார்க்க ஒன்றுபோல இருக்கும் பட்டைகளில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு, சில ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளத்திலும் 80, 42, 30 மில்லிமீட்டர் என்று வேறுபாடு. 2020க்கு முந்தைய இன்டெல் லேப்டாப்பில் நான்காம் தலைமுறை டிரைவைப் போட்டால் அது மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும். கெடுதல் இல்லை, கொடுத்த கூடுதல் பணம் வீண். இன்னொன்று: விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அத்தகைய மெஷினுக்குச் சின்ன சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் ஏற்றிக்கொள்வது நியாயமான செலவு. 1 டிபி வாங்கிப் போடுவது வேண்டாத ஆடம்பரம்.

விலைக்கு வருவோம். 2025இன் நடுவில் கூட 1 டிபி என்விஎம்இ ஒன்று ஐந்தாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ராம், எஸ்எஸ்டி இரண்டும் கிடுகிடுவென ஏறின. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் ஒரு நடை போனால் போதும். டிவிஎஸ் குழுமத்துக்கும் பிறருக்கும் போல்ட், நட்டு, வார்ப்புப் பாகங்கள் செய்துகொடுத்து வளர்ந்த பேட்டை அது. இன்று அதன் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஜன்னலில்லாத டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. ஜப்பானின் என்டிடி 2023இல் திறந்த அம்பத்தூர் வளாகத்தின் திட்டமிட்ட கணினிச் சுமை மட்டும் 34.8 மெகாவாட். உலகம் முழுக்க இப்படிப்பட்ட கட்டடங்களில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களை நிரப்ப நடக்கும் போட்டியில் ஃப்ளாஷ் சில்லுகள் மொத்தமாக அங்கே போகின்றன. பெரிய ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் தட்டுப்பாடு வரவே, அந்த இடத்தையும் க்யூஎல்சி எஸ்எஸ்டிகளால் நிரப்பத் தொடங்கினார்கள். சில்லு செய்பவர்களோ சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்ஸியா, சான்டிஸ்க், மைக்ரான் என்று கைவிரல்களில் அடங்குபவர்கள். இதில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நம்மூர்க் கடைகளில் அதிகம் புழங்கிய பெயர்களில் ஒன்று அது.

விலை இறங்கும் என்று காத்திருக்கலாமா? 2023இல் விலை பாதாளத்துக்குப் போனபோது சாம்சங் முதலானவர்கள் உற்பத்தியைக் குறைத்து விலையை மீண்டும் ஏற்றினார்கள். இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும். தேதி சொல்லத்தான் யாராலும் முடியாது. தேவை இன்றென்றால் 512 வாங்குங்கள், 1 டிபி ஆசையைத் தள்ளிப்போடுங்கள். லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

தொழிற்பேட்டையில் சிஎன்சி மெஷினுக்குப் பக்கத்தில் கிரீஸ் படிந்து நிற்கும் கணினிக்கு வேறு கவலை. அங்கே இருப்பது சில ஜிபி அளவு வரைபடங்களும் மெஷின் புரோகிராம்களும்தான், 256 தாராளம். மின்சாரம் திடீரென்று போகும்போது எழுதிக்கொண்டிருந்தது பாழாகாமல் இருக்க யுபிஎஸ் வேண்டும், தினமும் வேறொரு டிரைவில் நகல் வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகும்முன் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் அரிது.

இன்னொரு எச்சரிக்கை சென்னை வெயிலுக்கானது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த டிரைவ் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பது தொழில்துறை அளவுகோல். வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் குறையும். புது டிரைவ் இதைவிட நீண்ட நாள் தாங்கும் என்றாலும், அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையின் பீரோ எத்தனை டிகிரி என்பது நமக்குத் தெரிந்ததே. கல்யாண ஆல்பத்தை எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால், சில நூறு ரூபாய் யுஎஸ்பி கேசிங்கில் போட்டு அதற்குப் பயன்படுத்தலாம்.

ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் 16 டிபி ‘போர்ட்டபிள் எஸ்எஸ்டி’ முழுப் போலி. பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிஜ டிரைவாக இருந்தாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு, சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிது என்று விற்றதில் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது வேறெங்கோ உழைத்துவிட்டு வந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு டிரைவை ஒருமுறை முழுக்க நிரப்பிச் சரிபார்க்கவும். இரண்டையும் கடை கொடுத்த திருப்பும் கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும்.