பன்னிரண்டு மூச்சு, அப்புறம் ஒரு போன்

மணலி புதுநகரில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் மறக்காது. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது என் கணவர் நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் தகவலே இல்லை. பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தார். ஆனால் தண்ணீர் வடிந்தும் என் பயம் வடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் பத்து நிமிஷம் தாமதமானால் பத்து போன் போடுவேன். அழுகை, சண்டை. அவர் போனை அணைத்து வைக்க ஆரம்பித்தார். ஒருநாள் நான் பால் வாங்கிவரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. ஏழு வயது மகள் வாசற்படியில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. நான்கு வயதில் என்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அம்மா பஸ் ஏறியபோது நானும் இப்படித்தான் நின்றேன்.

பக்கத்துத் தெருவில் யோகா சொல்லித்தரும் ஓய்வுபெற்ற டீச்சரிடம் போனேன். இடுப்பு வலி என்று பொய் சொல்லித்தான் போனேன்! கண்டுபிடித்துவிட்டார். சின்ன வயதில் பிரிவுக்குப் பயந்து வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின்னும் பிடித்தவரை இறுக்கிப் பிடிப்பார்கள் என்று ஜான் பௌல்பி என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர் எழுதியிருக்கிறாராம். அதற்கு வழி பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதத்திலேயே இருக்கிறது என்றார். பயிற்சி நெடுநாள், இடைவிடாமல், சிரத்தையோடு நடந்தால்தான் வேர் பிடிக்குமாம். கூடவே பற்றையும் தளர்த்தவேண்டுமாம். புருஷனை விட்டுவிடச் சொல்கிறாரா என்று பதறினேன். "அவரை இல்லம்மா, அந்தப் போனை!" என்று சிரித்தார்.

விடியற்காலை ஐந்தரைக்கு நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விடவேண்டும். பன்னிரண்டு முறை. பகலில் பயம் வந்தாலும் அதே பன்னிரண்டு, அப்புறம் ஒரே ஒரு போன். முதல் வாரம் மூன்றாவது மூச்சிலேயே விரல் போனுக்குப் போய்விடும். பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்ததில் ஒன்பது நாள் விட்டுப்போனது. வெட்கத்தோடு போய் நின்றேன். "கணக்கு சொல்லாதே, நாளைக்கு உக்காரு" என்றார் டீச்சர். அந்த வார்த்தை இல்லையென்றால் அத்தோடு விட்டிருப்பேன். கணவரிடமும் மனம்விட்டுச் சொன்னேன். கிளம்பும்போது ஒரு தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அது பழக ஏழெட்டு மாதம் ஆனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடி தண்ணீர், மறுபடி போன் இல்லை, மறுபடி அவர் ஷிப்டில். நானும் மகளும் மாடிப்படியில் இருட்டில் உட்கார்ந்து எண்ணினோம். பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கத் தெம்பு இருந்தது. மறுநாள் மதியம் முழங்கால் தண்ணீரில் அவர் நடந்து வந்தார். ஏன் தகவல் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. மகள்தான் முதலில் பேசினாள். "அப்பா, காபி போடட்டுமா?"

- ஒரு வாசகி, மணலி புதுநகர்