ஆலைகளில் ஆவிக்குளிர்ச்சி

கோடையில் மட்பானையில் வைத்த நீர் தண்ணென்றிருத்தலை யாவரும் அறிவர். பானையின் நுண்டுளைகளின் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகின்றது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையினின்றும் அதனுள் நிற்கும் நீரினின்றும் கவர்ந்துகொள்கின்றது. சாளரத்தில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளிப்பதும் இவ்வுண்மை பற்றியே. இவ்வெளிய உண்மை, எண்ணிறந்த கதிர்கள் சுழலும் பஞ்சாலைகளுக்கும் பயன்படுமாற்றையும், அதனைக் கையாளுவோர் மறவாது காக்கவேண்டிய வரம்பையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாறுங்கால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்ளும். அதே நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை சென்டிகிரேட் வரை காய்ச்சுதற்கு வேண்டுவதோ 300 கிலோஜூலுக்கும் சிறிது குறைவே. எனவே, காய்ச்சுதற்கு வேண்டுவதைப்போல் எட்டு மடங்கு வெப்பம் ஆவியாதற்கு வேண்டும். மின்சாரக் கணக்கிற் கூறின், ஒரு லிட்டர் நீர் ஆவியாகிக் கவரும் வெப்பம் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்காகும். அவ்வளவு வெப்பத்தைக் குளிர்சாதனப் பொறி கொண்டு வெளியேற்றின், யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்களவு மின்சாரம் அப்பொறிக்கே செலவாகும். ஆவிக்குளிர்ச்சி முறையிலோ விசிறிக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் ஆகும் மின்சாரமே செலவு. இம்முறையின் சிக்கனம் இதனால் விளங்கும்.

எனினும், நீர் எங்கும் ஒரே அளவிற் குளிர்ச்சி தருவதன்று. இரண்டு உஷ்ணமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழை மட்டும் ஈரத்துணியாற் சுற்றி விசிறுவோமாயின், ஈரக்குமிழ் குறைந்த பாகையைக் காட்டும். அக்குறைந்த பாகையே நேராக நீர் தெளித்துக் காற்றைக் குளிர்விப்பதற்கு எல்லையாம். வெப்பம் 40 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு 20-உம் உள்ள வறண்ட நாளில் ஈரக்குமிழ் 22 அல்லது 23 பாகையில் நிற்கும். நல்ல கருவி இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியில் நூற்றுக்கு 80 பங்கைக் கடக்குமாதலின், காற்று 26 பாகையளவிற்குக் குளிரும். கடற்கரையூரில் வெப்பம் 35 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு 70-உம் ஆயின், ஈரக்குமிழ் 30 பாகையில் நிற்கும். அங்கே அதே கருவி நான்கு பாகையே குறைக்கும். ஆகவே, இடமும் பருவமும் அறிந்தே இதனை அமைத்தல் வேண்டும்.

பஞ்சாலைக்கு இம்முறை இருமடங்கு பயன் தருவது. காற்று வறண்டால் பஞ்சிழைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும்; நூல் அடிக்கடி அறும். நூற்குமிடத்தில் நூற்றுக்கு 55 முதல் 60 வரையும், நெசவுக்கூடத்தில் 75 முதல் 80 வரையும் ஈரப்பதம் இருத்தல் நன்றென்பர். இதன்பொருட்டு, வெளிக்காற்றை விசிறியால் இழுத்து, நுண்டுளிகளாக நீர் பாயும் அறையிற் புகுத்துவர். வளைந்த தகடுகள் உடன்வரும் துளிகளைத் தடுத்துவிட, குளிர்ந்த காற்று குழாய் வழியே கூடமெங்கும் பரவும். இவ்வாறு காற்றைக் கழுவும் கருவிக்கு அமெரிக்கராகிய வில்லிஸ் காரியர் 1906-ஆம் ஆண்டில் உரிமைப்பட்டயம் பெற்றார். காற்றைப் பதப்படுத்தல் என்னும் பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் பெயரை அதே ஆண்டிற் சூட்டிய ஸ்டூவர்ட் கிராமரும் பஞ்சாலைகளுக்காக உழைத்தவரே.

இனி வரம்பினைக் கூறுவோம். ஆலையில் மோட்டார்கள் உண்ணும் மின்சாரம் பெரும்பாலும் அங்கேயே வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பமும் புதிதாகச் சேர்ந்த ஈரமும் காற்றோடு வெளியேறுதல் வேண்டும். சாளரங்களை அடைத்து உட்காற்றிலேயே மீண்டும் மீண்டும் நீர் தெளிப்பின், ஈரக்குமிழின் பாகை ஏறிக்கொண்டே போகும். குளிர்ச்சி நீங்கிப் புழுக்கமே எஞ்சும். நூலுக்கு அதனாற் குறையில்லை, நூற்போர்க்கோ பெருந்துன்பமாம். மானிட உடலும் மட்பானையை ஒத்ததன்றோ? வியர்வை ஆவியாகியே உடல் குளிர்கின்றது. சூழ்ந்த காற்று ஈரத்தால் நிறைந்துவிடின் வியர்வை உலராது வழியும். உள்வெப்பம் வெளியேற வழியின்றி மயக்கமும், மிகுந்தால் உயிர்க்கேடும் விளையும்.

இது வெறுங் கற்பனையன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக்கூடங்களில், நூல் அறாதிருத்தற்பொருட்டுக் கொதிநீராவியையே உள்ளே புகுத்தினர். தொழிலாளர் அதனை எதிர்த்து முறையிட்டனர்; 1889-ஆம் ஆண்டில் ஈரத்திற்கு உச்ச அளவு குறிக்கும் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் செயற்கை ஈரத்தைத் தனிப்பிரிவில் எடுத்துக்கொண்டு, அதன் அளவையும் சோதனையையும் காற்றோட்டத்தையும் பற்றி மாகாண அரசுகள் விதி வகுக்க இடந்தந்தது. தெளிக்கும் நீர் குடிநீர் வகையினதாகவேனும் தூய்மை செய்யப்பட்டதாகவேனும் இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. தொழிலாளர் மூச்சிற் கலப்பது அந்நீரின் ஆவியும் துளியுமேயாதலின், அவ்விதி மிகப் பொருத்தமுடையது.

ஈரம் வேண்டாத தொழில்களுக்கு மற்றொரு வழியுமுண்டு. மெல்லிய தகட்டின் ஒருபுறத்தில் நீரும் காற்றும் கலந்து குளிர, மறுபுறத்திற் செல்லும் காற்று நீரைத் தொடாமலே தன் வெப்பத்தை இழக்கும். இம்மறைமுக முறையிற் குளிர்ச்சி சிறிது குறையினும் ஈரம் மிகுவதில்லை. எம்முறையாயினும், நீர் ஆவியாகுந்தோறும் அதிலுள்ள உப்பு தொட்டியிற் செறியுமாதலின், தொட்டிநீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் விடவேண்டும். நீர்ப்பஞ்சமுள்ள ஊர்களில் இச்செலவையும் கணக்கிற் கொள்ளுதல் கடமை.

மின்சாரத்தைச் சிக்கனம் செய்தல் அறிவுடைமையே. ஆனால், அச்சிக்கனம் உழைப்பவன் உடலிலிருந்து பிடிக்கப்படுவதாகாது. ஆலையை மேற்பார்ப்போர் அறுந்த இழைகளை எண்ணுவதோடு நில்லாது, கூடத்தின் நடுவே இவ்விரு உஷ்ணமானிகளையும் தொங்கவிட்டு நாடோறும் நோக்குவாராக. அவற்றின் இடைவெளி சுருங்கக் காணின், நீரை நிறுத்திச் சாளரத்தைத் திறத்தலே முறையாம்.