பிசி கேபினட்ல எத்தனை டிரைவ் பே வேணும்? காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப் போறவங்க பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பத்து வீடியோ பார்ப்பாங்க. கேபினட்டுக்கு மட்டும் "கண்ணாடி இருக்கா, லைட் எரியுதா"ன்னு பார்த்துட்டு பில் போட்டுடுவாங்க. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்குற பொருள், அஞ்சாறு வருஷம் உழைக்கணும். உள்ள என்ன இருக்குன்னும் பார்த்துடலாம்.

பே அப்படின்னா டிரைவ் உட்காருற இடம். 3.5 இன்ச்ல பெரிய ஹார்ட் டிஸ்க், 2.5 இன்ச்ல சாட்டா எஸ்எஸ்டி. 5.25 இன்ச் டிவிடி டிரைவுக்கானது. அதுக்குன்னு இன்னைக்கு காசு குடுக்காதீங்க. எம்.2 எஸ்எஸ்டிக்கோ பேயே வேண்டாம். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்துல இருக்குற அதை நேரா மதர்போர்டுலயே மாட்டிடலாம். ஆபீஸ் வேலை, கொஞ்சம் கேம்னு இருக்குறவங்களுக்கு 1 டிபி எம்.2 ஒண்ணே போதும். அவங்க "எட்டு டிரைவ் போடலாம்"னு விக்கிற கேபினட்டுக்குக் கூடுதலா குடுக்குறது வீண் செலவு.

அப்போ 3.5 இன்ச் பே யாருக்கு? வீடியோ எடுக்குறவங்களுக்கு. ஐபோன்ல 4கே, 30 பிரேம்ல எடுத்தா நிமிஷத்துக்கு சுமார் 170 எம்பி, அதாவது மணிக்கு 10 ஜிபி. குழந்தை பிறந்த வீட்டுல 1 டிபி எவ்வளவு சீக்கிரம் நிறையும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. சும்மா சேமிச்சு வைக்க ஹார்ட் டிஸ்க்தான் ஒரு டிபிக்கு விலை குறைவு. வேகம் நொடிக்கு 150லேர்ந்து 250 எம்பி வரைக்கும்தான், சாட்டா எஸ்எஸ்டி மாதிரி 550 வராது. ஆனா பழைய வீடியோவைத் திறந்து பார்க்க அது தாராளம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் ஸ்பெக்ஸை ஒரு தடவை நிதானமா படிங்க. "3.5 இன்ச் 2, 2.5 இன்ச் 2"ன்னு போட்டிருந்தா மொத்தம் நாலுன்னு நினைப்போம். பல கேபினட்ல ஒரே டிரேல இது இல்லன்னா அது, ரெண்டும் சேர்ந்து வராது. ஹார்ட் டிஸ்க் கூண்டு பெரும்பாலும் பவர் சப்ளை பக்கத்துல கீழே இருக்கும். பவர் சப்ளை நீளமா இருந்தா ஒயரை மடக்க இடம் இல்லாம கூண்டையே கழட்ட வேண்டி வரும். அதோட, சில மதர்போர்டுல எம்.2 போட்டா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மேனுவல்ல போட்டிருக்கும், வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்றேன். வாரண்டியில டிஸ்க் மாத்திக் குடுப்பாங்க, உள்ள இருந்த போட்டோவைத் தர மாட்டாங்க. அதுக்காக ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 செட் பண்ணா பேக்கப் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஒண்ணுல தெரியாம அழிச்சா இன்னொண்ணுலயும் அதே நொடியில அழிஞ்சிடும். பெரிய கேபினட்டுக்குப் போக வேண்டிய பணத்துல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாசம் ஒரு தடவை காப்பி எடுங்க. அதைப் பிசி பக்கத்துலயே வைக்காம, முடிஞ்சா ஊர்ல அம்மா வீட்டு பீரோல வைங்க. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போறப்ப இன்னொரு டிஸ்க்கைக் கொண்டுபோய் மாத்திட்டு வந்துடலாம்.